கொடியை எங்கே நிறுத்துவது

மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்த வாடை காலையிலிருந்து என்னை விட்டபாடில்லை. நீ வரைந்த கொடிக்குக் கீழே நான் வரைந்த மிச்சக் கொடியை இன்றுதான் கவுன் துணியில் இறக்கினேன். ஊசியால் குத்திய தாளை விரித்து, அந்தக் குழம்பை ஒற்றினேன். உன் வேலையில் உன்னைக் கேட்காமல் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

எதற்காக இந்தக் கவுன் மேல் இத்தனை ரகளை என்று உனக்குத் தெரியும். சதுரங்கப்பட்டினக் கடற்கரையில், கோட்டைக்குப் பின்னால் படர்ந்து கிடக்குமே அடப்பங்கொடி, அதை வைத்துத்தான் இந்த வருடத் தொகுப்பே. ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்த இலைகள் அச்சில். கொடியும் பூவும் ஆரி வேலையில். வரைவதும் அச்சும் உன் பொறுப்பு, தையல் என் பொறுப்பு. நீ என்னடாவென்றால் முழங்காலோடு கொடியை நிறுத்திவிட்டு, கீழே வெறும் மணல் நிறத்தை விட்டுவிட்டாய்.

"பார்றா மச்சான், அல வந்து போற எடத்துல கொடி வருதா? நின்னுடுச்சில்ல? நாமளும் அங்கியே நிறுத்திக்கணும்" என்றாய்.

"கவுனு இன்னா கடலா? போடுறவ பாதி வேலைன்னு கயட்டிப் போட்டுடுவா" என்றேன்.

சென்னையில் நம் துணிகளை எடுக்கும் கடைக்கார அம்மாவும் அதையேதான் சொன்னார். நீ மசியவில்லை. கருங்குழி பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கச் சண்டை போட்டோம். அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிறவனா நீ? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அழக்கூட முடியவில்லை.

சனிக்கிழமை சென்னையில் துணிகளைக் காட்ட வேண்டும். சாயங்காலம் நம் பட்டறையில் தைக்கும் மல்லிகா கொடியைக் கீழ் ஓரம் வரை தைத்து முடித்தாள். கடைசி நூலை முடிச்சுப் போடாமல் தொங்கவிட்டு என்னைப் பார்த்தாள். சங்கிலித் தையல் அல்லவா, முடிச்சு விழாதவரை ஒரே இழுப்பில் மொத்தமும் பிரிந்து வந்துவிடும்.

"அண்ணாத்த, முடிச்சு போட்டுடட்டா, இழுத்து வுட்டுடட்டா? சொல்லு, எனக்கு வூட்டுல வேல கீது."

நான் ரோட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்துவிட்டு மறுபடியும் ரோட்டுக்குப் போனேன். இருப்புக் கொள்ளவில்லை.

"அவரு ஆசப்பட்டாப்லயே வுட்டுடேன் அண்ணாத்த. பாவம், போயிட்டாரு" என்றாள்.

அந்தப் 'பாவம்'தான் எனக்குச் சுருக்கென்றது. முன்பு ஒரு தடவை உனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, மனம் நோகக்கூடாதே என்று பூவுக்கு நீ சொன்ன மஞ்சளுக்குத் தலையாட்டினேன். ஊதாதான் சரி என்று மற்றவர்களிடம் நான் புலம்பியது உன் காதுக்கு எட்டியதும், போர்வையோடு பட்டறைக்கு வந்தாய். நீ கேட்ட மஞ்சளை நீயே இழுத்துப் பிரித்துப் போட்டாய். "பாவம் பாத்து ஒத்துக்கினியா? பேமானி! சண்ட போடுறா என்கூட!" என்று கத்தினாய். நிற்கத் தெம்பில்லை, ஆனால் குரல் தெருமுனை வரை கேட்டது. அன்று உன் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் திட்டியிருப்பாய்.

"முடிச்சப் போடு" என்றேன் மல்லிகாவிடம்.

செத்துப்போனாய் என்பதற்காக உனக்கு விட்டுக்கொடுத்தால் அதைவிட அவமானம் உனக்கு வேறில்லை. கொடி ஓரம் வரை ஓட வேண்டும் என்பது என் கட்சி. இன்றும் அதுதான் என் கட்சி.

படம் எடுத்து அனுப்பினேன். "இப்பதான் முழுசா, அம்சமா இருக்கு" என்று கடைக்கார அம்மாவிடமிருந்து உடனே பதில். மல்லிகாவும் தள்ளி நின்று பார்த்து, நல்லாத்தான் கீது என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். பட்டறையில் நானும் கவுனும்தான்.

ஜெயித்துவிட்டேன்டா. நீ வந்து இதைப் பார்த்துவிட்டு என்னை வண்டை வண்டையாகத் திட்ட வேண்டும், நான் பதிலுக்குக் கத்த வேண்டும். பதிலெல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், பாவிகள்.