கனடாவுக்குப் போகாத அண்ணைக்கு

என்மேல் ஒருநாளும் கோபிக்கத் தெரியாத என் அண்ணை,

நீங்கள் கண்மூடி மூன்று வருடமாகிறது. இவ்வளவு காலமும் எழுதாதவன் இன்றைக்கு ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். நல்ல காரணம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். நான் இன்னும் ஒஸ்லோவில் பஸ்தான் ஓட்டுகிறேன். வாழ்க்கையில் வயிறு மட்டும் முன்னேறியிருக்கிறது.

என் மகள் தாரணிக்குப் பதினேழு வயது. நீங்கள் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை, போன கோடைக்குப் பிறகு கட்டிலைவிட்டு எழும்பவில்லை. முதலில் சோம்பல் என்றேன். பிறகு கைப்பேசிதான் காரணம் என்றேன். டொக்டருக்குப் படித்தவன் மாதிரி வாரத்துக்கு ஒரு வருத்தம் கண்டுபிடித்தேன். கடைசியில் பள்ளிக்கூடத்துத் தாதி என்னைக் கூப்பிட்டு, “இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் பாரமாக இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது, அண்ணை. அடுத்த அறையில் இருந்தும் தெரியாது.

எங்கள் குடும்ப டொக்டர் நல்ல மனிதர். ஒஸ்லோவின் ஓரத்தில், லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத்தில் இளையோருக்கான மனநல நிலையம் இருக்கிறது, அங்கே கடிதம் எழுதுகிறேன் என்றார். அந்தக் கட்டடத்துக்கு எதிரில்தான் நம்மவர்கள் சாமான் வாங்குகிற கடைகள். வேறு ஊரில் காட்டலாமா என்று கேட்டேன். காட்டலாம், தெரிவுசெய்வது உங்கள் உரிமை என்றார். உரிமை என்ற சொல்லை நான் அவ்வளவு ஆசையோடு ஒருநாளும் பிடித்துக்கொண்டதில்லை.

மற்றவர்கள் எந்த டொக்டர் கெட்டிக்காரர் என்று தேடுவார்கள். நான் எந்த ஊரில் கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை என்று தேடினேன். மியோசா ஏரிக்கரையில் ஒரு சின்ன நகரம் அகப்பட்டது. காரில் ஒன்றரை மணித்தியாலம். காத்திருக்கும் காலமும் அங்கேதான் கூட. இலையுதிர்காலம் முழுவதும் பிள்ளை கட்டிலில் கிடந்து காத்திருந்தாள், நான் நல்ல இடம் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் திறமை எனக்கு எங்கே வந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களை வைத்துப் பழகியதுதான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தாரணி பிறப்பதற்கு முந்தின வருடம் என் அண்ணை மனம் உடைந்து, நோர்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஓர் ஊரின் மனநல மருத்துவமனையில் எட்டு மாதம் இருந்தார். கேட்டவர்களிடம் எல்லாம், அவர் கனடாவுக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். அங்கே ஒரு பேக்கரியில் வேலையும் எடுத்துக் கொடுத்தேன். ரொறொன்ரோவில் இருந்த யாரோ அவரைத் தேடத் தொடங்கியதும், அவரை அவசரமாக வேறு நகரத்துக்கு வீடு மாற்றினேன்.

நீங்கள் சுகமாகித் திரும்பிய அன்று ரயில் மேடையிலேயே உங்கள் காதுக்குள் சொன்னேன். “அண்ணை, ஆராவது கேட்டா கனடா எண்டு சொல்லுங்கோ.”

“அங்கை குளிரோ?” என்று மட்டும் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை கலியாண வீடுகளில், எத்தனை பேரிடம், “இஞ்சத்தையைவிடக் குளிர்தான்” என்று எனக்காகச் சொன்னீர்கள்! உங்கள் செத்தவீட்டில் ஒருவர் எழும்பி, தம்பிக்காகக் கனடாவை விட்டுவந்த பெருந்தன்மை என்று பேசினார். நான் கைகூப்பித் தலையாட்டினேன்.

ஏரிக்கரை நகரத்துக்கு முதல்முறை போனோம். டொக்டர் இளம் பெண். தாரணியோடு தனியே ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நோர்வேக்காரரின் நொஸ்க் மொழி எனக்குப் பஸ் ஓட்டுகிற அளவுக்குத்தான். கதவில் சாயாதீர்கள் என்பதோடு முடிந்துவிடும். அதனால் தொலைபேசியில் ஒரு தொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஒழுங்கு செய்திருந்தார்கள். மேசையிலிருந்த பேசிக்குள்ளிருந்து “வணக்கம்” என்று ஒரு குரல் வந்தது. அவர்கள் பெயர் சொல்வதில்லை, இலக்கம்தான் சொல்வார்கள். எனக்கு இலக்கம் தேவைப்படவில்லை. கோயிலில் தேர் வரும்போது ஒலிபெருக்கியில் வழிவிடச் சொல்கிற அதே குரல்!

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வருத்தம் இருந்ததா என்று டொக்டர் கேட்டார். குரல் அதைத் தமிழில் கேட்டது. நான் தொண்டையைச் செருமி, படங்களில் கேட்ட இந்தியத் தமிழில் சொன்னேன். “நம்ம ஃபேமிலில அந்த மாதிரி யாருமே இல்லைங்க, சார்.”

தாரணி திரும்பி என்னைப் பார்த்தாள். குரல் ஒழுங்காக மொழிபெயர்த்தது. டொக்டர் எழுதிக்கொண்டார். அப்படி உங்களை இரண்டாம் முறையும் இல்லாமல் ஆக்கினேன்.

திரும்பி வரும்போது காருக்குள் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு.

“அப்பா, ஏன் படத்திலை வாற ஆக்கள் மாதிரிக் கதைச்சனீங்கள்?”

“அந்தத் தொல்க் எங்கடை கோயில் ஆள், பிள்ளை.”

“தொல்க் ஒருத்தருக்கும் சொல்லேலாது. அது சட்டம்.”

“சட்டம் வேறை, சனம் வேறை.”

சிரிப்பு நின்றது. “அப்ப, சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கு.”

ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா கனடாவுக்குப் போகவே இல்லையோ?”

“இல்லை.”

“எனக்கு எந்த நாடு, அப்பா?”

“என்னம்மா?”

“நான் ஏன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாறேல்லை எண்டு ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறனீங்கள்?”

“ஹாண்ட்போல் பயிற்சி எண்டு.”

“எனக்கு ஒரு பந்தைப் பிடிக்கவே தெரியாதே.” அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். “ஊருக்கெல்லாம் சொல்லுங்கோ எண்டு கேக்கேல்லை, அப்பா. என்னைப் பொய்யாக்காதைங்கோ.”

அடுத்த முறை தொல்க் வேண்டாம் என்றேன். என் பஸ் நொஸ்க்கில் டொக்டரிடம் சொன்னேன், போனமுறை பொய் சொன்னேன், என் அண்ணைக்கு இருந்தது என்று. அவர் கோபிக்கவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு, “அவருக்கு எது உதவியது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, அண்ணை. எட்டு மாதத்தில் இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும், எப்போது விடுவார்கள் என்றுதான் கேட்டேன். உங்களை மீட்டது எது? மருந்தா? பக்கத்துக் கட்டில்காரரா? அந்த மழை ஊரில் யாரோடு கதைத்தீர்கள்? இன்று உங்கள் பெறாமகளுக்கு உதவியிருக்கக்கூடிய பதில் அது. நீங்கள் பதினான்கு வருடம் என் பக்கத்தில் இருந்தும் நான் கேட்கவே இல்லை.

டொக்டர் இன்னொன்றும் கேட்டார். “கிழமைக்கு ஒருமுறை வரவேண்டும். இவ்வளவு தூரம் வருவது அவளுக்கு வசதியா, உங்களுக்கா?” பாவம், மரியாதையாகத்தான் கேட்டார். “அப்பாவுக்குத்தான்” என்று தாரணி எனக்காகப் பதில் சொன்னாள். அவரே கடிதம் எழுதி, முதலில் நான் வேண்டாம் என்ற அந்த நிலையத்துக்கே மாற்றிவிட்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில் பஸ்ஸில் தனியே போய்வருகிறாள். நான்கு கிழமை ஆகிறது. சுகம் என்று சொல்லமாட்டேன். செவ்வாய் பள்ளிக்கூடம் போனாள், புதன் போகவில்லை. ஆனால் அங்கே போகும் நாளில் தானே எழும்பிச் சீப்பெடுத்துத் தலை இழுக்கிறாள்.

போன சனி தமிழ்க் கடையில் சிவத்தைக் கண்டேன். உங்களுக்குத் தெரியாத ஆள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கம். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, “மகளைக் கனநாளாக் காணேல்லை. இன்னும் அந்தப் பயிற்சியோ?” என்றார். யாரும் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ என்று தாரணி அனுமதி தந்திருந்தாள். என்றாலும் நாக்கு நுனிவரை ஹாண்ட்போல் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“இல்லை, சிவம். அவளுக்கு மனம் சுகமில்லை. டொக்டரிட்டைப் போய்வாறாள்.”

அவர் கை கத்தரிக்காய்ப் பெட்டிக்குள்ளேயே நின்றது. அக்கம்பக்கம் பார்த்தார். பின்னேரத்துக்குள் கதை ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லி வரைக்கும் போய்விடும் என்று நினைத்தேன். அவர் என் தோளோடு உரசிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எங்கை காட்டுறியள்?”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பஸ் இலக்கத்தைச் சொன்னேன். குடும்ப டொக்டரிடம் கடிதம் வாங்கவேண்டும் என்றேன். வாசலையும் மாடியையும் சொன்னேன். சிவம் அதைக் கைப்பேசியில் எழுதினார். இரண்டு தரம் பிழையாக எழுதித் திருத்தினார்.

அப்போதே நான் உங்களைப் பற்றி உள்ளதைச் சொல்லியிருந்தால், எத்தனை பேர் இப்படி வந்து கேட்டிருப்பார்கள், அண்ணை? அவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?

வருகிற மாதம் உங்கள் திவசம். ஆட்கள் வருவார்கள். இலை போடுவதற்கு முதல், அந்த எட்டு மாதமும் நீங்கள் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இருந்தீர்கள் என்று எழும்பிச் சொல்லுவேன். உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன். தாரணி பக்கத்தில் நிற்கிறாளாம். பயத்தில் நான் கதையை மாற்றத் தொடங்கினால் காலை மிதிப்பாளாம்.

மிதிபட்டாலும் சொல்லி முடிக்கப்போகும்,
உங்கள் ஒரே தம்பி