சிவப்புப் பொத்தானின் மூடி

கீலுங்,
ஆறாம் மாதம், 24ஆம் நாள்

அன்புள்ள சாய்-வெய்க்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டு சொல்லிவிடுகிறாய், சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம் அது. இந்தத் தடவை நான் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும், நடுவில் நீ குறுக்கே வரக் கூடாது, அதனால்தான் காகிதம். இங்கே பதினோரு நாளாக விடாத மழை, துணி எதுவும் காயவில்லை, உன் அப்பா சமையலறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், காலையில் கஞ்சி கிளறப் போனால் அவருடைய கால்சட்டை என் முகத்தில் ஈரமாக விழுகிறது. முழங்கால் வலி என்று முனகுகிறார், ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அலைத்தடுப்புச் சுவருக்குப் போகும்போது அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை. போன வாரம் பெரிய மீன் ஒன்று கொண்டு வந்து நானே பிடித்தேன் என்றார், மீனின் வயிற்றில் சந்தை ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் சித்தி மகளுக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்திருக்கிறது, நல்ல எடை, ஒரு வாழ்த்து அனுப்பிவிடு.

செத்தவர்களின் ஆவிகள் திரும்பி வரும் ஏழாம் மாதம் நெருங்குவதால் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஊர் முழுக்கப் படையலுக்குத் தயாராகிறது, கோயில்களுக்கும் கடைகளுக்கும் அரிசி, சேமியா, பிஸ்கட், குளிர்பானம் என்று பெட்டி பெட்டியாகப் போகிறது, ஒரு நாளைக்கு லாரி நான்கு நடை போனாலும் கிடங்கு காலியாவதில்லை. இந்த நெரிசலில்தான் எங்கள் லாரி ஓட்டும் ஆ-பாவ் மாமாவுக்கு அப்படி ஆனது. உனக்குப் போனில் அழுதுகொண்டே பாதிதான் சொன்னேன், மீதியை நீ கேட்கவில்லை, கேட்காமலேயே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாய். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்த மோட்டார் பேலட் வண்டி எங்கள் கிடங்குக்கு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ வெளிநாடு கிளம்பிய அதே வசந்தம். அதற்கு முன்பு பதினான்கு வருஷம் நான் கிடங்கு மூலையில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பளுவைக் கையால் இழுக்கிற வேலை ஆண்களுக்கு, லேபிள் எனக்கு, அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, நானும் உட்பட. அந்த வண்டி வந்ததும் எல்லாம் மாறியது. சரக்குப் பலகைக்கு அடியில் அதன் இரண்டு இரும்பு நாக்கையும் விட்டு, கைப்பிடியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால், ஆயிரம் கிலோ தரையை விட்டு எழும்பி நாய்க்குட்டி மாதிரி என் பின்னால் வரும். முதல் நாள் அதை ஓட்டிக் காட்டச் சொன்னபோது பெங் முதலாளி, "யாரு வேணும்னாலும் வாங்க, பலம் வேண்டாம், நிதானம் போதும்" என்று சொன்னார். ஆண்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், நான் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். அன்றையிலிருந்து நான் லாரியில் ஏறிப் போகிறவள் ஆனேன். ஆ-பாவ் லாரி ஓட்டுவார், நான் சரக்கு இறக்குவேன். அந்த வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்ததும் அவர்தான். "அக்கா, நீ எருமை மேய்க்கிற, நான் உனக்கு டிரைவர் வேலை பாக்கறேன், காலம் கெட்டுப் போச்சு" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார். ஐம்பத்தோரு வயதில் எனக்குக் கிடைத்த மரியாதை அது சாய்-வெய், அதை நீ லேசாக நினைக்காதே, இந்தக் கடிதத்தில் வரும் எல்லாத் தப்பும் அந்த மரியாதையை விட மனசில்லாமல் நான் செய்தது.

அந்த வண்டியின் கைப்பிடி நுனியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. வண்டியை நம் பக்கம் இழுத்துக்கொண்டு நடக்கும்போது பின்னால் சுவரோ அலமாரியோ வந்து நாம் நடுவில் மாட்டிக்கொண்டால், கைப்பிடி வயிற்றில் இடிக்கும், பொத்தான் அழுந்தும், வண்டி உடனே நம்மை விட்டு எதிர்ப்பக்கம் ஓடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைச் செய்தவர்கள் என் உயரத்தில் ஒருத்தியை மனசில் வைத்துச் செய்யவில்லை. இந்த ஊர்க் கடைகளின் பின்பக்கம் உனக்குத் தெரியும், ஆள் நுழைய இடம் இருந்தால் அதிகம், கைப்பிடியை நிமிர்த்தி உடம்போடு ஒட்டிப் பிடித்தால்தான் திருப்ப முடியும். உயரமானவர்களுக்கு அது வயிற்றுக்கு எதிரே எட்டி நிற்கும், எனக்கு நெஞ்சில் வந்து முட்டும், முட்டிய மாத்திரத்தில் வண்டி எதிர்ப்பக்கம் துள்ளும். ஒரு மாதத்தில் மூன்று தடவை சரக்கு சரிந்தது, ஒரு தடவை சோயா சாஸ் பாட்டில் ஒரு பெட்டி முழுக்க உடைந்தது. "எருமை அக்காவ உதைக்குது" என்று கிடங்கே சிரித்தது. இந்தக் கைப்பிடி எனக்கு ஒத்துவரவில்லை என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அதனால் யாரும் இல்லாத நேரத்தில் மிளகாய் விழுது பாட்டில் மூடி ஒன்றைப் பொத்தான் மேல் கவிழ்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டேன். மேலே ஈரம் படாமல் இருக்க ஒட்டியது மாதிரி இருக்கும், பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு வண்டி துள்ளவில்லை. நான் கெட்டிக்காரி என்று நானே மெச்சிக்கொண்டேன், ஐந்தரை வருஷம்.

இந்த மாதம் எட்டாம் நாள், பள்ளிக்கூட மேட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர்ப் பெட்டியும் சமையல் ஒயினும் அடுக்கிய பலகை, தரை முழுக்க மழைத் தண்ணீர். ரசீதில் முத்திரை வாங்கக் கடைக்காரர் முன்பக்கம் கூப்பிட்டார். நான்தான் ஆ-பாவிடம், "இந்த ஒண்ண நீ உள்ள கொண்டு போயிடு, நான் முத்திரை வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன். அவர் அந்த வண்டியை ஓட்டத் தெரியாதவர் இல்லை, ஆனால் எப்போதாவதுதான் தொடுவார். குளிர்பதன அறைச் சுவர் வரைக்கும் பின்னால் நடந்திருக்கிறார், கால் வழுக்கியிருக்கிறது, கைப்பிடி வயிற்றில் அழுந்தியிருக்கிறது. வண்டி நிற்கவில்லை. அவருடைய சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பாட்டரி இணைப்பைப் பிடுங்கும் வரைக்கும் அது அவரைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது. இடுப்பெலும்பில் விரிசல், விலா எலும்பு மூன்று. எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள், நான் மட்டும் பின்தங்கி அந்த டேப்பைப் பிய்த்து மூடியை மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது என்று உன்னிடம் போனில் சொன்னேன். அது பொய். யோசித்துத்தான் செய்தேன்.

மறுநாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தார், வண்டி ஒழுங்காக எதிர்ப்பக்கம் ஓடியது. இயந்திரத்தில் கோளாறு இல்லை, ஓட்டியவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். கிடங்கில் இருப்பவர்கள் ஏழாம் மாதம் நெருங்குகிறது, நல்ல சகோதரர்கள் என்று நாம் மரியாதையாகச் சொல்கிற அந்த ஆவிகளில் யாரோ காலைத் தட்டிவிட்டிருக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். பெங் முதலாளி அந்த வண்டிக்கு முன்னால் மேசை போட்டு ஆப்பிளும் பிஸ்கட்டும் படைத்து எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். என் கையிலும் மூன்று ஊதுபத்தி. கண்ணுக்குத் தெரியாதவர்கள் மேல் பழியைப் போட்டு அவர்களுக்கே பழம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், பையில் அந்த மூடி. அன்று மத்தியானம்தான் உனக்குப் போன் செய்தேன். "அம்மா, வாயத் தொறக்காத. அவருக்கு இன்ஷூரன்ஸ் எப்படியும் வரும், எலும்பு எப்படியும் சேரும். நீ சொன்னா உன் வேலை போகும், கேஸ் வரும், யாருக்கு என்ன லாபம்" என்று நீ சொன்னாய். என் மேல் இருக்கிற பாசத்தில் சொன்னாய், அதை நான் தப்பாக எடுக்கவே இல்லை. சரி என்று தலையாட்டினேன், எனக்கும் அதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது எலும்பைப் பற்றி அவர் பேசவே இல்லை. என்னைப் பார்த்ததும், "உன் எருமைய கெடுத்துட்டேன் அக்கா, மன்னிச்சுக்க" என்றார். அப்புறம் மனைவி ச்சுன்-மெய் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வயித்தால பொத்தான நல்லா அழுத்தினேன்னு எனக்குத் தோணுது. ரெண்டு தரம் அழுத்தினேன். ஆனா பொத்தான் சரியா இருக்குன்னு ஆபீசர் எழுதிட்டாரு. அப்ப நான் அழுத்தவே இல்ல. செய்யாதத செஞ்சதா மனசு சொல்லுது அக்கா. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது." அவருடைய அப்பாவை நீ பார்த்திருக்கிறாய், அறுபது வயதில் எல்லாம் மறந்துபோய், பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பழசென்று உடைத்துவிட்ட கப்பலைத் தேடித் துறைமுகத்தில் திரிவார், ஆ-பாவ்தான் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். ஆ-பாவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு. அடுத்த தடவை நான் போனபோது ச்சுன்-மெய் தினமும் காலையில் அவரிடம் என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவரே அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். டாக்டரிடம் ஞாபகப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். பக்கத்துக் கட்டில் ஆள் டிவி சத்தத்தைக் கூட்டியதும், "நெஜமாவே சத்தம் கூடிச்சா, இல்ல எனக்குத்தான் தோணுதா?" என்று என்னிடம் கேட்டார். எலும்பு சேர்ந்துவிடும் என்று நீ சொன்னது சரி. நான் வாயை மூடிக்கொண்டு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எலும்பை இல்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் ஆ-பாவுக்காக மீன் வாங்கி வந்து இஞ்சி போட்டுச் சூப் வைத்தார். புதன்கிழமை காலை முதலாளியிடம் போய் மூடியை மேசை மேல் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நான் அந்த வண்டிய எத்தன தரம் தொட்டிருக்கேன், என் கண்ணுலயும் படலயே" என்றார், திட்டவில்லை, அதுவே திட்டியது மாதிரி இருந்தது. தொழிலாளர் அலுவலகத்துக்கு அவரே கூட்டிப் போனார், நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், மேற்கொண்டு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, வழக்கு வந்தாலும் வரும். இப்போதைக்கு வண்டியைத் தொடக் கூடாது, மூலையில் லேபிள் ஒட்டுகிறேன். அங்கிருந்து சூப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பொத்தான் மேல் நான் ஒரு மூடியை ஒட்டியிருந்தேன், நீ அழுத்தினாய், மூடி தடுத்தது, நீ விழுந்த பிறகு நான் அதை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான் சொன்னேன். "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். "நான் அழுத்தினது நெஜம்தானே?" நெஜம் என்றேன். "ரெண்டு தரம்?" எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, ஆனால் உனக்கு ஞாபகம் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்றேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், உடம்பு குலுங்கியது, விலா வலியில் முனகிக்கொண்டே குலுங்கினார். பிறகு ச்சுன்-மெய்யைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்லடி, மூளைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "பதினஞ்சு நாளு அக்கா. பதினஞ்சு நாளு என் புள்ளைங்க பேர நானே எனக்குச் சொல்லிப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன், நீ இங்க உக்காந்து ஆப்பிள் சீவிக் குடுத்த. இப்ப போ. இனிமே வராத." ச்சுன்-மெய் எழுந்து சூப் பாத்திரத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். நான் வந்துவிட்டேன்.

உன் யோசனைப்படி நடந்திருந்தால் எனக்கு வேலையும் இருந்திருக்கும், அவர் என்னை இன்னும் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்திருப்பார், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக வருத்தப்படவும் செய்கிறேன், மறைக்கவில்லை. இதைப் படித்ததும் உடனே போன் எடுக்காதே, ஒரு நாள் ஆறப் போட்டுவிட்டுக் கூப்பிடு. குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள், வெறும் ரொட்டியில் வயிற்றை நிரப்பாதே. உன் கையில் எடுத்த வேலை எல்லாம் நல்லபடியாக முடியட்டும், நோய்நொடி அண்டாமல், ராத்திரி படுத்ததும் தூக்கம் வருகிற வாழ்க்கையாக உனக்கு அமையட்டும் என்று முன்னோர்கள் முன் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றை மறக்காதே, ஆ-பாவ் மாமாவுக்கு ஒரு போன் செய். உன்னிடம் அவருக்குக் கோபம் இல்லை, நீ என்ன சொன்னாய் என்று அவருக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது, தெரியப் போவதும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள், சின்ன வயதில் நடந்த எதையாவது பேசு, அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஆசியோடு,
உன் அம்மா
யுவே-ஷியா