காப்பி அனுப்பாதே, சும்ராவுக்கு ரத்தம் ஏறிவிட்டது

அன்பு மகன் சாஃபெத்துக்கு அப்பா பெச்சிர் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் பெண்டாட்டி சும்ராவும் பிள்ளையும் சுகம், ஆஸ்திரியாவில், லின்ஸில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லாமல் நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அப்பா குடித்திருக்கிறான் என்று நினைத்துவிடாதே. சும்ராவுக்கு ரத்தம் ஏறிவிட்டதடா! இன்று காலையில் சோதித்துப் பார்த்தார்கள், டாக்டரே சிரித்துக்கொண்டு வெளியே வந்து, ஸெனித்சாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரசவம் வரைக்கும் படுத்துக் கிடக்க வேண்டாம், நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மூத்தவள் பிறந்தபோது அவளுக்கு எவ்வளவு ரத்தம் போயிற்று என்று உனக்குத் தெரியும், இந்தத் தடவை ரத்தமே இல்லாமல் பிரசவத்துக்குப் போனால் என் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்கு எழுதினால் நீ அங்கே வேலையில் கையை எதிலாவது விட்டுக்கொள்வாய் என்று பயந்து எழுதவும் இல்லை.

நடந்ததைக் கேள். ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், முதலில் அவளுக்குக் குமட்டியது, அப்புறம் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு முனீரா வேறு வந்து, இந்த மாத்திரையத் தின்னா பிள்ளைக்குத் தலை பூசணிக்காய் மாதிரி ஆயிடும், அப்புறம் எப்படிப் பெத்துப் போடுவே என்று கிளப்பிவிட்டுப் போனாள். நர்ஸ் ல்யூபிட்சா வந்து, கறுப்பாப் போறது சகஜம்மா, பயப்படாதே என்று சொன்ன பிறகு மறுபடி தொடங்கினாள், ஆனால் பிள்ளையையும் மாட்டையும் பார்க்கிற அவதியில் மறந்துபோகும். அதற்கு உன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்த வீட்டுல எது மறந்தாலும் காப்பி மறக்காது, அதோட சேத்து முழுங்கு என்று சொல்லி, காலையில் செம்புச் சட்டியை இறக்கியதும் கிண்ணத்தில் ஊற்றி, மாத்திரையைத் தன் கையாலேயே அவள் வாயில் போட்டுவிட்டுத்தான் தான் குடிப்பாள். ஒரு நாள் தவறவில்லை. ஆனால் சோதிக்கச் சோதிக்க ரத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று! நிஜமாவே முழுங்கறியா இல்ல தூக்கிப் போடறியா என்று டாக்டர் கேட்டுவிட்டார், மாமா, சத்தியமா முழுங்கறேன், யாருமே நம்ப மாட்டேங்கறாங்க என்று அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள்.

இதற்கு நடுவில் நீ அனுப்பிய காப்பி வரவில்லை, அதைக் கொண்டுவந்த பஸ் வழியில் ஸ்லோவேனியாவில் எங்கோ பழுதாகி நின்றுவிட்டதாம். இந்தத் தட்டுப்பாட்டில் இங்கே கடைகளிலும் காப்பி கிடையாது என்று உனக்குத் தெரியும். உன் அம்மா நாலு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் வேறு வழியில்லாமல் காட்டு ரோஜாக் காயை வேகவைத்துச் சாறெடுத்து ஒரு மாதமாக அதோடு மாத்திரையைக் கொடுத்துவந்தாள். போன வாரம் ல்யூபிட்சா வந்தபோது வீட்டுக்கு வந்தவளுக்குக் காப்பி இல்லையே என்று உன் அம்மாவுக்கு மானம் போயிற்று. சாற்றை வைத்துவிட்டு, மன்னிச்சுக்கோ, மாத்திரைகூட இப்ப இதோடதான் போகுது என்றாள். இதுக்கு முன்னாடி எதோட போச்சு என்று ல்யூபிட்சா கேட்க, காப்பியோட என்று இவள் சொல்ல, அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள் பார்! ஐயோ ருக்கியா, காப்பி இரும்பை உடம்புல ஒட்டவே விடாது, நானும் இங்கதானே உக்காந்து கிண்ணம் கிண்ணமாக் குடிச்சேன், ஒரு வார்த்தை கேக்க எனக்குத் தோணலையே, இந்தக் காய்ச் சாறுதான் இரும்பை உள்ளே இழுக்கும் என்றாள். உன் அம்மா அப்படியே உட்கார்ந்து, என் கையாலேயே கெடுத்தேனே என்று அழ, சும்ரா போய்க் கட்டிக்கொண்டு, அத்தை, நீங்க குடுக்கலேன்னா நான் மாத்திரைய எப்பவோ மறந்திருப்பேன் என்றாள். அந்த மனசுக்கே அவளுக்குச் சுகப்பிரசவம் ஆகும்.

ஆகையால் பிரசவம் ஆகிற வரை காப்பி அனுப்பாதே. கண்ணில் பட்டால் உன் அம்மா மனசு கேட்காது. வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது சாறுதான், முனீரா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவள் இரண்டு நாளாக வரவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. உனக்கும் பல் வலி என்று எழுதியிருந்தாய், தள்ளிப்போடாமல் போய்க் காட்டு.

கடைசியாக ஒன்று. இன்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம், சும்ரா மட்டும் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். ஒண்ணுமில்ல மாமா, அவருக்கு லீவு கிடைக்காது என்றாள். மூத்தவள் பிறந்தபோது நீ வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குத் தொப்புள்கொடியே காய்ந்து விழுந்துவிட்டது. அவள் உன்னைக் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன், வாடா.

ஆண்டவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பானாக. அம்மா உனக்கு முத்தம் அனுப்புகிறாள். முதலாளியிடம் நாளைக்கே லீவு கேள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா பெச்சிர்