தும்மலுக்கும் சம்பளம்

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. நான் சுகம். முழங்காலும் சுகம்தான், மாடிப்படியைக் காட்டாத வரைக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் பாதியில் உனக்கு வேறு போன் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அஞ்சாவதோடு நின்ற கை, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சட்டைக் கம்பெனி விஷயம் முடிந்தது. ரிட்டயர் ஆன என்னை, மாதிரிச் சட்டைகளை வீட்டிலேயே தைத்துத் தரச் சொல்லி சூப்பர்வைசர் வந்தார் அல்லவா? அவசரக்குடுக்கை நான், பழைய சம்பளத்தை இருபத்தாறு நாளுக்கு வகுத்து, நாளைக்கு நாலு சட்டை என்று போட்டு, சட்டைக்கு நூறு என்று சொல்லிவிட்டேன். நீதான் போனில் கத்தினாய்: பாட்டி, மெஷின் யாருது, கரண்ட் யாருது, ஊசி உடைஞ்சா யார் வாங்குறது, காய்ச்சல்ல படுத்தா யார் குடுப்பா என்று. யோசித்துப் பார்த்தேன். கம்பெனியில் பெல்ட் அறுந்தால் மெக்கானிக் வருவார், நான் டீ குடிப்பேன், சம்பளம் பாட்டுக்கு ஓடும். அங்கே என் தும்மலுக்கும் சம்பளம் உண்டு. வீட்டில் கரண்ட் போனால் கூலியும் கூடவே போகிறது.

முதல் கட்டுப் பத்துச் சட்டையையும் நூறுக்கே தைத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். கொடுக்கும்போது, கரண்ட், ஊசி, காய்ச்சல் எல்லாம் சேர்த்து நீ போட்டுக் கொடுத்தபடி, அடுத்த கட்டிலிருந்து நூற்றெழுபது என்றேன். என்ன பாட்டிம்மா, தங்க நூல்லயா தைக்கிறீங்க, வெளிய எண்பதுக்கு ஆள் இருக்கு என்றார். தாராளமா குடுங்க தம்பி, இது என் பேத்தி போட்ட கணக்கு, மாறாது என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. பதினோரு நாள் அந்தப் பக்கமிருந்து ஆளே வரவில்லை. மெஷினுக்கு உறை போட்டு மூடினேன். மாத்திரைகூடப் பாதி அட்டைதான் வாங்கினேன். திட்டாதே, அதனால்தான் முன்பே சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்து நின்றார். கையில் எண்பதுக்குத் தைத்த சட்டை. காலர் முனை இரண்டும் பூனைக் காது மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது! சட்டை வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நூற்றெழுபதுக்கே ஒப்புக்கொண்டார், நூலும் கம்பெனியே தருமாம். உன் பெருமையை நான் சொல்லிச் சொல்லி, எதிர்வீட்டுக்காரி இப்போது என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறாள்.

இன்னொன்று. நீயும் ஆபீஸை விட்டு, தனியாக வீட்டு பிளான் வரைந்து கொடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. ஆபீசில் இருந்தவரை வருஷா வருஷம் லீவில் வந்தாய். இப்போது கேட்டால், வேலை செய்யாத நாளுக்குக் காசு இல்லை பாட்டி என்கிறாய். எனக்குக் காய்ச்சலையும் கரண்டையும் சேர்க்கச் சொன்னவள், பாட்டியைப் பார்க்க வரும் பத்து நாளை உன் ரேட்டில் சேர்த்தாயா? இல்லையென்றால் அடுத்த பிளானிலிருந்து சேர். யாராவது கேட்டால், இது என் பாட்டி போட்ட கணக்கு என்று சொல்.

உனக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். காலர் மட்டும் பாக்கி. உன் கழுத்தை அளந்துதான் வைக்க வேண்டும். இளைத்துவிட்டாயோ என்னவோ.

நூறு வருஷம் நன்றாக இரு, கண்ணு.

உன் பாட்டி