முப்பத்தெட்டாவது கையெழுத்து

பெப்ரவரி 3, திங்கள்

இன்றும் நண்டு அதிகம். காலை ஏழு மணியிலிருந்து நான்கு மணி வரை நின்றபடியே ஓடு உடைத்துச் சதை எடுத்தோம். கணுக்கால் வீங்கிவிட்டது. உட்காரக் கதிரை கேட்டால், இருந்தால் கை வேகம் குறையும் என்கிறார் சுப்பவைசர். அவர் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறார்.

தேத்தண்ணி நேரத்தில், கிண்ணியாவிலிருந்து வரும் நுஸ்ரத் அக்கா ஒரு படிவம் தந்தார். சங்கம் தொடங்குகிறாராம். கம்பனியில் நூற்றுக்கு நாற்பது பேர் சேர்ந்தால் நிர்வாகம் எங்களோடு பேசியே ஆகவேண்டும். அதற்கு முப்பத்தெட்டுக் கையெழுத்துத் தேவை. முதலில் கேட்கப்போவது கதிரை.

வைப்பதா, விடுவதா? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். துறைமுகப் பக்கம் சங்கம் வந்து மூடிப்போன கம்பனிகளை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

வைத்துவிட்டேன். முப்பத்தேழாவது ஆள் நான். இன்னும் ஒன்று வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நின்ற துஷாந்தியைக் கேட்டேன். சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீடு அவளுடையது. அவளை, கூலிக்கு ஆள் அனுப்பும் மேன்பவர்காரர் தங்கள் வானில் கொண்டுவந்து விடுகிறார்கள், சம்பளமும் அவர்கள்தான். ஆனால் ஒரே மேசை, ஒரே நண்டு, ஒரே கால்நோ.

"எனக்கு இதெல்லாம் விளங்காது அக்கா. நீங்கள் சொன்னா வைக்கிறன்" என்றாள்.

சொன்னேன், வைத்தாள். நுஸ்ரத் அக்கா பெயரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், புளுகம்.

பெப்ரவரி 20, வியாழன்

பட்டியல் அலுவலகத்துக்குப் போன மூன்றாம் நாள், வான் துஷாந்தியை ஏற்றாமல் போய்விட்டது. அவள் கம்பனி ஆளே இல்லையாம், கையெழுத்துச் செல்லாதாம். இனி வரவேண்டாம் என்று மேன்பவர்காரன் போனில் சொல்லியிருக்கிறான். மற்ற முப்பத்தேழு பேரையும் ஒருவரும் தொடவில்லை. தொட ஏலாது, சட்டம் இருக்கிறது.

அந்த வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். தாயும் இரண்டு பிள்ளைகளும் அவளை நம்பித்தான்.

நான்தானே வைக்கச் சொன்னனான். அவள் கேட்டவளா? இல்லையே.

பெப்ரவரி 21, வெள்ளி

துஷாந்திக்கு நடந்ததைக் கேட்டு ஆத்திரப்பட்டு இன்று ஒன்பது பேர் சேர்ந்தார்கள். நாற்பத்தாறு. இனிச் சங்கத்தை அசைக்க முடியாது என்கிறார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா?

மார்ச் 4, செவ்வாய்

நுஸ்ரத் அக்காவிடம் நேரே கேட்டேன் - அவள் மேன்பவர் என்று தெரிந்துதானா படிவத்தை வாங்கினீர்கள்? கை கழுவிக்கொண்டு நின்றவர் பைப்பை மூடினார்.

"தெரியும் கஜந்தினி. ஒரு ஆள் குறைஞ்சது. கம்பனி அவ்வளவு துருவிப் பாக்காது எண்டு நினைச்சன்."

அவளுக்காகப் பேசலாமே என்றேன். இப்போது ஏலாதாம். கதிரையும் சம்பளமும் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. விலகிவிடுவோமா?

மார்ச் 12, புதன்

மகனுக்குக் காய்ச்சல். லீவு கேட்கப் போனேன். போன வருடம் இதே காய்ச்சலுக்கு, இதே சுப்பவைசர் எல்லோர் முன்னாலும் என்னை ஏசினவர். இன்று நுஸ்ரத் அக்கா என் பின்னால் வந்து நின்றார். வாயே திறக்கவில்லை. போய்ப் பிள்ளையைப் பாருங்கோ என்றார் சுப்பவைசர்.

ஆஸ்பத்திரி வாங்கில் மகனை மடியில் வைத்தபடி இருந்து யோசித்தேன். சங்கம் இல்லாவிட்டால் இன்று மகனோடு இங்கே வந்திருப்பேனா? அப்படியென்றால் போன கிழமை விலக நினைத்தது யார்? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

துஷாந்தி வீட்டுக்குப் போனேன். ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனனான். தேத்தண்ணி தந்தாள். ஏசியிருக்கலாம்.

மே 9, வெள்ளி

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சம்பளம் கூடுகிறது, கதிரையும் வருகிறது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு எழும்பி, மேன்பவர் பிள்ளைகளுக்கும் கதிரை உண்டா என்று கேட்டேன். ஒப்பந்தம் கம்பனி ஆட்களுக்கு மட்டும்தான் என்றார் நுஸ்ரத் அக்கா, கூட்டக் கொப்பியைப் புரட்டிக்கொண்டே.

அவரையும் முழுதாகக் கோபிக்க முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைத்திராது.

மே 19, திங்கள்

துஷாந்தி இன்று வேலைக்கு வந்தாள், வேறொரு மேன்பவர் மூலம். எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் எடுத்தார்களாம். பழைய இடத்திலேயே, எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் கதிரை இல்லை.

என் கதிரையை அவள் பக்கம் தள்ளினேன். சுப்பவைசர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் காலால் மெல்லத் திருப்பித் தள்ளினாள்.

"வேண்டாம் அக்கா. இந்த முறையும் வேலை போனா எனக்கு ஏலாது. நீங்கள் இருங்கோ."

அப்படியென்றால் நானும் நிற்கிறேன் என்று நின்றேன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நின்றேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன்.