வெயில் பட்டால் துள்ளும் குமிழ்

ஹனாட வாப்பா,

நீங்கள் செய்த கேம் பெட்டியின் திருகு குமிழைக் கழற்ற வேண்டாம். அது பழுதாகவில்லை. காலையில் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். யாரும் குமிழைத் தொடாமலே திரையில் பந்தடிக்கும் மட்டை அங்கும் இங்கும் துள்ளியது. ஜன்னல் சீலையை இழுத்துவிட்டதும் நின்றது. விலக்கினால் மறுபடி துள்ளியது. குமிழுக்கு அடியில் பழைய மவுஸிலிருந்து எடுத்துப் பூட்டினீர்களே, வெளிச்சத்தை உணரும் ஒரு கண், பக்கப் பலகையின் ஓட்டையால் வெயில் அதில் விழுகிறது. நீங்கள் இரவில்தான் சோதிக்கிறீர்கள், அப்போது ஒழுங்காக ஓடும். ஓட்டையில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

நேற்று என் தங்கச்சியிடம், "நீதான் நோண்டிக் கெடுத்த" என்று சத்தம் போட்டீர்கள். "நான் தொடவே இல்ல மச்சான்" என்று றிஸ்னா அழுதுகொண்டு பக்கத்து வளவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனாள். இன்று பகல் சோற்றுக்கு வரமாட்டாளாம்.

மீன் ஆணம் ஆக்கி மூடியிருக்கிறது, உங்கள் மூன்று பேருக்கும் காணும். நீங்களே போய்க் கூப்பிடுங்கள். பிள்ளை ஹனாவை அனுப்ப வேண்டாம்.

நான் ஸ்கூல் விட்டு அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவேன்.

சம்சுனா

பி.கு.: வெயிலைக் கண்டுபிடித்தது நானில்லை. "காலையில மட்டும்தான் துள்ளுது ராத்தா, சீலைய இழுத்துப் பாருங்க" என்று வேலிக்கு மேலால் சொன்னது றிஸ்னாதான்.