பாதிப் புத்தகம் உன் வீட்டில்

கல்லூரியிலிருந்து வந்த கார்டு மேசைமேல் கிடக்கிறது. ஜெர்மன் தாளில் தவறிவிட்டேன். ரசாயனத்தில் தேறியும் அந்த ஒரு தாள் இல்லாமல் பட்டம் கிடையாது. முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போன சிநேகிதிமேல் கோபப்படுகிறேனே என்று அப்புறம் என்மேல்.

யுத்தத்தில் ஜெர்மன் இலக்கணப் புத்தகம் எங்கும் கிடைக்காமல், மூர் மார்க்கெட்டில் பழைய பிரதி ஒன்றே ஒன்று அகப்பட்டது. நம் ஊர் திருத்தணிக்கு ரயில் மாற அரக்கோணத்தில் காத்திருந்தபோது நீ பிளேடை எடுத்து அதன் முதுகுத் தையலை அறுத்தாய். நான் பதறினேன்.

"இன்னாடி, பொஸ்தகத்துக்கு வலிக்கவா போவுது? ஆளுக்குப் பாதி. படிச்சிட்டு மாத்திக்கலாம்."

அந்தப் பாழாய்ப்போன பாடம் உன் பாதியில் போய்விட்டது. மனிதன், பையன், அண்டைவீட்டான் என்று சில ஆண்பால் சொற்கள். எழுவாயாக நிற்கும்போது சும்மா இருக்கும். மற்ற வேற்றுமைகளில் வாலில் ஒரு 'ன்' ஒட்டிக்கொள்ளும். எவையெவை என்பதற்குச் சரியான விதி இல்லை, பட்டியலை உருப்போட வேண்டியதுதான்.

"எழுவாயா இருந்தா ஐயா ஜம்பமா நிப்பாரு. அப்பால பூரா வாலை ஆட்டிகினு வருவாரு" என்று நீ சிரித்தாய்.

மாற்றிக்கொள்ளும் முன் உனக்கு டைபாய்டு வந்தது.

சாவு வீட்டில் போய்ப் பாதிப் புத்தகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது இல்லாமலே பரீட்சை எழுதினேன். கார்டு வந்த பிறகுதான் போனேன். உன் அம்மா அதை உன் தாவணிகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

"எடுத்துகினு மட்டும் போவாத கண்ணு. அவ எழுத்து அதுல கீது. இங்கியே படி. வாய்விட்டுப் படி."

அரை மணி படித்தேன். பக்கத்தை மூடிச் சொல்லிப் பார்த்தால் ஐந்தாவது சொல்லான அண்டைவீட்டானிலேயே நின்றுவிட்டது. எரிச்சலில் புத்தகத்தை விட்டெறியலாம் போலிருந்தது. புளி கரைத்துக்கொண்டிருந்த உன் அம்மா தலை நிமிராமல் சொன்னார்: "நாஹ்பார், நாஹ்பார்ன்."

"அத்தை, உங்களுக்கு எப்படி...?"

"அடுப்பண்டை ஒக்காந்துகினு தெனம் கத்துவாளே. அவளும் மொதல்ல அங்கதான் நிப்பா."

தமிழ்கூட எழுத்துக்கூட்டத் தெரியாதவர், பட்டியலைக் கடைசிவரை சொன்னார். நான் பின்னாலேயே சொன்னேன். தினம் போனேன்.

இப்போது எனக்கு அது தடங்கலின்றி வருகிறது. அடுத்த முறை தேறிவிடுவேன். ஆனால் சொல் ஒவ்வொன்றும் உன் அம்மாவின் குரலில்தான் எழுகிறது. நீ சொன்னால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். அப்போதும் அவர் குரல்தான் கேட்கிறது.